ஆறுதல் பரிசு

கேள்வி: வேலை நிலைக்குமா, கடன் அடையுமா, அடுத்த ஆண்டு எங்கே இருப்போம் என்று எதுவுமே உறுதியாகத் தெரியாத காலம் இது. இயற்கையையும் பருவ மாற்றங்களையும் கவனித்துக்கொண்டிருந்தால் மனத்துக்கு ஆறுதல் கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா? (ஒரு வாசகி)

பதில்: முதலில் என் தொழிலை முடித்துவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் 'இயற்க்கை' என்று இருந்தது. அச்சுக்குப் போகும்முன் ஒரு 'க்'கை எடுத்துவிட்டேன். 'ற்' தனியாக நிற்கத் தெரிந்த எழுத்து. துணைக்கு இன்னொரு ஒற்றை அனுப்பினால் கோபித்துக்கொள்ளும். இதை இருபது ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் சொல்லி வருகிறேன். 'இனிமேல் சரியாக எழுத முயற்ச்சிக்கிறோம்' என்று பதில் போடுகிறார்கள்.

உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்துக்கொண்டது 'ஆறுதல்' என்ற சொல். அதற்கும் எனக்கும் பழைய பகை. பள்ளியில் படித்தபோது 'இலையுதிர் காலம்' என்ற தலைப்பில் கவிதைப் போட்டி வைத்தார்கள். எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. ஒரு சோப்புப் பெட்டி; உள்ளே சோப்பு இல்லை. போட்டிக்கு வந்தவர்களே ஐந்து பேர்தான். முதல் மூன்று பேருக்குப் பரிசு, மிஞ்சிய இருவருக்கு ஆறுதல். அந்த இன்னொருவன் கவிதையே எழுதவில்லை, தலைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு கட்டுரை எழுதியிருந்தான். அவனுக்கும் சோப்புப் பெட்டிதான். ஆனால் அவனுடைய பெட்டியில் சோப்பு இருந்தது. தோற்றுவிட்டாய் என்பதை மேடைக்குக் கூப்பிட்டு, மைக்கில் அறிவித்து, கைதட்டி அனுப்புவதற்கு ஆறுதல் என்று பெயர் வைத்தவர் யார் என்று அன்று யோசிக்க ஆரம்பித்தேன். இன்னும் முடிக்கவில்லை.

நடுவராக வந்திருந்த கவிஞர் என் முதுகைத் தட்டி, "இலை உதிர்வது மரத்தின் கண்ணீர் அல்லவா தம்பி? உன் கவிதையில் சோகம் போதவில்லை" என்றார். மரம் இலையைத் தானே கழற்றிப் போடுகிறது என்று நான் எழுதியிருந்தேன். பிற்பாடு அவர் பருவத்துக்கு ஒன்றாகச் சருகுக் கவிதைகளை இந்தப் பத்திரிகைக்கு அனுப்பத் தொடங்கினார். எல்லாவற்றிலும் சருகுகள் விம்மின. ஒவ்வொன்றையும் என் செலவில் தபால்தலை ஒட்டித் திருப்பி அனுப்பினேன். கடைசியாக ஒன்றையாவது போட்டுவிடலாமா என்று பார்த்தேன், பெருந்தன்மை போதவில்லை.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இப்போது உங்களிடம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பகல் சுருங்கும்போதோ மழை பொய்க்கும்போதோ மரம் கணக்குப் பார்க்க ஆரம்பிக்கிறது. இலையில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலான சரக்கில் கணிசமான பங்கைக் கிளைக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைய, அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்குச் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. அதற்குக் கீழே தக்கை மாதிரி ஒரு மூடி உருவாகி இடத்தை அடைத்துவிடுகிறது. பச்சை இலை ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள்: பட்டையும் நாருமாகக் கிழிந்து, பிய்த்த இடம் ஈரமாக இருக்கும். பழுத்த இலையைத் தொட்டாலே போதும், கையோடு வந்துவிடும். அது இருந்த இடத்தில் ஓர் உலர்ந்த வடு. அந்த வடுவுக்குச் சற்று மேலே, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவில் ஒரு முடிச்சு இருக்கும். அடுத்த தளிருக்கான மொட்டு அது. இலை பச்சையாக இருந்த நாளிலேயே அதன் கக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கே இதில் கண்ணீர்?

இன்னொன்று. காயைப் பழமாக்கும் எத்திலீன் வாயுவேதான் இலையையும் கழற்றிவிடுகிறது. தாவரவியல் இதைக் கண்டுகொள்வதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் 'இலை பழுத்தது' என்று சொல்லிவிட்டார்கள். பழத்துக்கும் இலைக்கும் ஒரே வினை. (புண்ணுக்கும் அதேதான்; பழுத்து, உடைந்து, ஆறும். தற்செயல் என்று தெரிந்தும் விட மனமில்லை.) பாவம், அந்த எத்திலீன். 1960களில் வேறொரு ஹார்மோனைக் கண்டுபிடித்தவர்கள், இலை உதிர அதுதான் காரணம் என்று நினைத்து, உதிர்தலைக் குறிக்கும் சொல்லைக் கொண்டே அதற்கு அப்சிசிக் அமிலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால், கழற்றும் வேலையில் பெரும்பங்கு எத்திலீனுடையது. பெயர் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு. ஒரு சோப்புப் பெட்டிகூடக் கொடுக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'ஆறுதல்' தன்வினை. வெந்நீர் ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும். இன்னொருவர் செய்தால் அது ஆற்றுதல். 'இயற்கை ஆறுதல் தருகிறது' என்பவர்கள், அது தட்டோடு வாசலில் வந்து நிற்பதுபோல எழுதுகிறார்கள். 'இயற்கை அன்னையின் மடியில்' என்று தொடங்கும் கட்டுரையை நான் இரண்டாம் வரிக்கு மேல் படிப்பதில்லை. அந்த அன்னை 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலையாக வெடித்தாள். வானில் பரவிய படலம் வெயிலை மறைத்ததில், மறு ஆண்டு ஐரோப்பாவின் பல பகுதிகளில் கோடையே வரவில்லை, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் ஜூன் மாதம் பனி பெய்தது, விளைச்சல் போயிற்று. பருவம் மட்டுமாவது தவறாது என்று நம்பியிருந்தவர்கள் 1816-இல் எந்த ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்திருப்பார்கள்?

ஜன்னல் என்றதும் ஞாபகம் வருகிறது. ராஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகள். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாளில். கடுமையான வலி மருந்தும் முன்னவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. ஆறுதல் என்ற சொல்லின் நேர்ப்பொருளே அங்கே நடந்திருக்கிறது: தையல் போட்ட புண் ஆறியிருக்கிறது. எனவே நீங்கள் கேட்டது உண்மைதான், முக்கால் நாள் அளவுக்கு. கேலி செய்யவில்லை. வலியோடு படுத்திருப்பவருக்கு முக்கால் நாள் எவ்வளவு நீளம் என்று படுத்தவருக்குத் தெரியும்.

அந்த ஆய்விலும் எனக்கு ஒரு குறை உண்டு. மே 1 முதல் அக்டோபர் 20 வரை படுத்தவர்களை மட்டுமே கணக்கில் எடுத்தார், மரத்தில் இலை இருக்கும் மாதங்கள் என்பதால். மொட்டை மரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்களை விட்டுவிட்டார். நடுவர்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

மரத்தைப் பார்த்தால் ஏன் ஆறுகிறது என்று என்னைக் கேட்டால், அதற்கு நம்மைப் பற்றித் துளியும் அக்கறை இல்லை என்பதால்தான் என்பேன். அது நலம் விசாரிப்பதில்லை, 'எல்லாம் நன்மைக்கே' என்பதில்லை, நமக்கு வேலை போனதைக் கேட்டு உச்சுக்கொட்டுவதில்லை. தன் பாட்டுக்கு இலையைக் கழற்றிக்கொண்டு நிற்கிறது. உறவினர்களிடம் கிடைக்காத வசதி.

1945-இல் அணுகுண்டு விழுந்தபின், ஹிரோஷிமாவில் 75 ஆண்டுகளுக்கு எதுவும் முளைக்காது என்று பேச்சு எழுந்தது. எரிந்த மண்ணில் முதலில் பூத்ததாக அந்த நகரம் நினைவில் வைத்திருப்பது எதைத் தெரியுமா? அரளியை. 1973-இல் அதையே நகரத்தின் மலராகவும் அறிவித்தார்கள். இலை, பூ, தண்டு, வேர் எல்லாம் நஞ்சு. அன்னையின் மடி என்று யாரும் அதில் தலைவைத்துப் படுக்க முடியாது. தள்ளி நின்று பார்க்கலாம், பார்த்தார்கள்.

அந்தச் சோப்புப் பெட்டி இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் கடிதத்திலிருந்து எடுத்த 'க்'கும் அதில் பத்திரமாகக் கிடக்கிறது. திருப்பி அனுப்புகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் கடைசி வரியில் 'மரத்தை பார்த்து கொண்டிருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒரு 'க்' குறைகிறது. 'ப்' என்னிடம் இருப்பு இல்லை.