புகைக்குழாய் வெப்ப சென்சார்: புதிது வாங்கும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2021 மாடல் பி.எஸ்.6 லாரி, 12 சக்கரம். லோடோடு சேலத்தில் இருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் செக் லைட் எரிந்து இழுவை குறைந்துவிடுகிறது. ஸ்கேனரில் எஸ்.பி.என். 3242, எஃப்.எம்.ஐ. 3 என்று காட்டியது. சைலன்சர் வெப்ப சென்சார் போய்விட்டது என்று புதிது மாட்டினார்கள். இரண்டே வாரத்தில் மறுபடி அதே லைட், அதே ஏற்றம். இப்போது சைலன்சர் பெட்டியையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா? (நாமக்கல் வாசகர்)

பதில்: இப்போதைக்குப் பெட்டியில் கை வைக்க விடாதீர்கள். நீங்கள் எழுதிய இரண்டு எண்களே பாதி விடை. எஸ்.பி.என். எந்த இடம் என்று சொல்லும் எண், எஃப்.எம்.ஐ. அங்கே என்ன கோளாறு என்று சொல்லும் எண். 3242 என்பது டி.பி.எஃப். எனும் கரி வடிகட்டிக்குள் புகை நுழையும் இடத்து வெப்பநிலை. எஃப்.எம்.ஐ. 3 என்றால் அந்த சர்க்யூட்டில் வோல்டேஜ் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி நிற்கிறது என்று பொருள். சென்சார் கெட்டது என்று அந்த எண் சொல்லவில்லை. பெட்டியைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

இ.சி.எம்., அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை இந்த இரண்டு ஒயர் சென்சாருக்கு அனுப்புகிறது. சென்சார் வழியாகக் கரண்ட் ஓடும்போது அந்த 5 வோல்ட் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்று பார்த்துத்தான் இ.சி.எம். வெப்பத்தைக் கணக்கிடுகிறது. சென்சாருக்குள்ளோ, ஒயரை இணைக்கும் கப்ளரிலோ, ஒயரிலோ எங்கே விட்டுப்போனாலும் 5 வோல்ட் இறங்க வழியில்லாமல் அப்படியே நிற்கும். அதைத்தான் 3 என்று காட்டுகிறது. சிக்னல் ஒயர் உரசி வேறொரு சப்ளை ஒயரில் பட்டாலும் இதே 3 வரும். எர்த்தில் பட்டால் வோல்ட் விழுந்து 4 வரும். உங்களுக்கு சென்சார் புதிது, பிழை எண் பழையது, அதுவும் ஏற்றத்தில் மட்டும். அப்படியானால் ஒயரையும் கப்ளரையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். லோடு ஏறினால் சேசிஸ் வளைந்து கொடுக்கும். ஏற்றத்தில் புகைக்குழாய் உச்சச் சூட்டில் விரியும். இழுத்துக் கட்டிய ஒயரும் தளர்ந்த பின்னும் விட்டுப்போவது அப்போதுதான். வண்டி நிற்கும்போது பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் எல்லா வெப்பநிலைகளையும் ஒரே பக்கத்தில் வரவழையுங்கள்: டி.ஓ.சி. (வடிகட்டிக்கு முன்னால் உள்ள வினையூக்கி) நுழைவு, டி.பி.எஃப். நுழைவு, டி.பி.எஃப். வெளியேற்றம், கூலன்ட், உள்ளே வரும் காற்று. எல்லாமே வெளிக்காற்றின் சூட்டை ஒட்டி நிற்க வேண்டும். ஒன்று மட்டும் 15 டிகிரிக்கு மேல் விலகி நின்றால் அதுதான் நம் ஆள். இரண்டு மணி நேரம் ஆறவிட்டுப் பார்ப்பது போதாது. வடிகட்டிக்குள் இருக்கும் பீங்கான் கட்டி சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். நல்ல சென்சாரைக்கூட அது குற்றவாளியாக்கிவிடும்.

அடுத்து மீட்டர். பேட்டரி கட்-ஆஃபைப் போட்டுவிட்டு சென்சார் கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஓம்ஸ் பாருங்கள். பரவலாக வருவது பிளாட்டினம் வகை, அதாவது 0 டிகிரியில் 200 ஓம். நம் ஊர்க் காலைச் சூட்டில், 30 டிகிரிக்கு, ஏறக்குறைய 223 ஓம் காட்டும். கழற்றி நுனியை மட்டும் கொதிக்கும் நீரில் பிடித்தால் 275 முதல் 277 வரை ஏறும். முடிவில்லாத ஓம் காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. பின்னுக்கும் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு காட்டக் கூடாது. மீட்டரை வைத்தபடியே ஒயரை மெதுவாக ஆட்டுங்கள். எண் குதித்தால் காரணம் கையில் சிக்கிவிட்டது. சில வண்டிகளில் வேறு வகை வரும். அது குளிரில் மிக அதிக ஓம் காட்டி, சூடேற ஏற இறங்கும். அதைப் பார்த்து சென்சார் அறுந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம். உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தக அளவோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு அமைப்பும் உண்டு. மூன்று நான்கு சென்சார்களின் ஒயர்கள் ஒரு சின்னப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து நான்கு ஒயர் மட்டும் வெளியே வரும். அதில் இந்த ஓம் கணக்கு செல்லாது. எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் தவறு காட்டினால் அந்தப் பெட்டிக்கு சப்ளையும் எர்த்தும் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பேட்டரி கட் செய்த நிலையில் தகவல் கடத்தும் இரண்டு கேன் (CAN) ஒயர்களுக்கு இடையே 60 ஓம் அளவில் இருக்க வேண்டும்.

இரண்டு ஒயர் வகையில் இனி வண்டிப் பக்கத்துக் கப்ளர். சாவி ஆன் செய்தால் இரு பின்களுக்கும் இடையே 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லையா? சிக்னல் பின்னுக்கும் சேசிஸுக்கும் இடையே பாருங்கள். அங்கே 5 இருந்தால் திரும்பும் ஒயர் அறுந்திருக்கிறது. 5 வோல்ட்தான் என்று உறுதியான பிறகு இரு பின்களையும் மெல்லிய ஜம்பர் ஒயரால் இணைத்துவிட்டு ஸ்கேனரைப் பாருங்கள். காட்டும் வெப்பம் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குத் தாவி, 3 போய் 4 வந்தால் ஒயரும் இ.சி.எம்.மும் அந்த நேரத்தில் நலம். ஜம்பரை அப்படியே விட்டு, ஒயரை இ.சி.எம். வரை அடி அடியாக அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே எண் திரும்பித் தாவுகிறதோ அங்கே டேப்பைப் பிரியுங்கள்.

கப்ளரை டார்ச் அடித்துப் பார்க்காமல் மூடாதீர்கள். பெண் பின்னுக்குள் தடித்த மீட்டர் முனையைக் குத்திப் பார்த்தவர்கள் அதன் வாயை அகலமாக்கிவிட்டிருப்பார்கள். மாட்டும்போது கிளிக் என்று சத்தம் வரும், உள்ளே பிடிமானம் இருக்காது. அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றைச் செருகி இழுங்கள். கொஞ்சமாவது பிடித்து இழுக்க வேண்டும். வழுக்கி வந்தால் அந்தப் பின்னை மாற்றியே ஆக வேண்டும். உங்கள் வண்டியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். உப்புப் போல வெள்ளைப் படிவு தெரிந்தால் அது புகையைச் சுத்தம் செய்ய வண்டியில் ஊற்றும் யூரியா. கசிந்த யூரியா ஒயரின் தோலுக்குள்ளேயே ஊர்ந்து போய்ச் செம்பைத் தின்னும். படிவு வெதுவெதுப்பான நீரில் கரைந்துவிடும், ஆனால் உள்ளே செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டி, புதுப் பின் போட வேண்டும். பச்சை பிடித்த பின்னில் 30 ஓம் கூடுதலாக நின்றாலே பிளாட்டினம் சென்சார் 40 டிகிரி அதிகமாகக் காட்டும். செக் லைட் எரியாமலேயே கணக்கு தவறிப்போகும்.

ஒயரும் சென்சாரும் சரி, காட்டுவது நிஜச் சூடுதான் என்றால் கதை வேறு. வெடித்த இன்டர்கூலர் ஹோஸ், அடைத்த ஏர் ஃபில்டர், ஒழுகும் இன்ஜெக்டர் என்று இன்ஜின் பக்கம் போக வேண்டும். வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது 550 முதல் 650 டிகிரி வரை போவது இயல்பு. அந்த நேரத்தில் வைக்கோல், காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது.

சென்சாரைத்தான் மாற்ற வேண்டும் என்று தேறினால், முந்தின நாளே மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது பக்கவாட்டில் திறப்புள்ள சாக்கெட்டால் கழற்றுங்கள். பெரும்பாலும் மரை 14 மி.மீ., 1.5 பிட்ச். புதியதில் பேஸ்ட் தடவியே வரும். இல்லையென்றால் நிக்கல் பேஸ்ட்டை மரையில் மட்டும், நுனியில் படாமல் தடவுங்கள். பல மாடல்களில் முறுக்கு 30 முதல் 45 நியூட்டன் மீட்டர். கீழே விழுந்த சென்சாரை மாட்ட வேண்டாம். ஒயரைச் சைலன்சர் அருகே பிளாஸ்டிக் டையால் கட்டினால் அது உருகி, ஒயர் குழாய் மேலேயே விழும். உலோகக் கிளாம்ப் போட்டு, சேசிஸ் அசைவுக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

இதற்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரைச் செருகி லைட்டை அணைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். வடிகட்டி உண்மையிலேயே 900 டிகிரிக்குப் போனாலும் இ.சி.எம்.முக்குத் தெரியாது. பீங்கான் விரிசல் விடும், சூடு இன்னும் ஏறினால் உருகவும் செய்யும், வண்டியில் தீப்பிடிக்கவும் கூடும், உள்ளே தூங்குவது உங்கள் டிரைவர்.

பழைய லாரியில் தனியாக வெப்ப மீட்டர் மாட்டியிருப்பவர்களுக்கு: அதில் பரவலாக வருவது கே வகை தெர்மோகப்பிள், அதாவது சூட்டை வோல்ட்டாக மாற்றும் இரட்டைக் கம்பி, டிகிரிக்கு 0.041 மில்லிவோல்ட் மட்டுமே தரும். அந்த ஒயர் எட்டவில்லை என்று சாதாரணச் செம்பு ஒயரை ஒட்டுப் போட்டால், ஒட்டு இருக்கும் இடம் 70 டிகிரி, கேபின் 30 டிகிரி என்றால் மீட்டர் 40 டிகிரி குறைத்துக் காட்டும். கே வகை நீட்டிப்பு ஒயரே வேண்டும். சூடேறும்போது முள் கீழே இறங்கினால் இரு ஒயரும் மாறியிருக்கிறது. காந்தத்தில் ஒட்டும் கம்பிதான் மைனஸ்.

பழுதைச் சரிசெய்து ஸ்கேனரில் பிழை எண்ணை அழித்த பிறகும் உங்கள் லாரியில் இழுவை உடனே திரும்பாமல் போகலாம். சென்சார் தவறாக இருந்த நாட்களில் வண்டி வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கும். ஸ்கேனரில் கரி அளவைப் பார்த்து, அனுமதிக்கும் எல்லைக்குள் இருந்தால் நிறுத்தி வைத்தே ஒருமுறை ரீஜெனரேஷன் (கரியை எரித்துச் சுத்தம்) செய்யச் சொல்லுங்கள். பிறகு லோடோடு அதே தொப்பூர் ஏற்றத்தில் ஸ்கேனரை மாட்டியபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொகையைக் கொடுங்கள்.