ஏரியை வெட்டியது யார்? எங்கே தேடுவது?

கேட்டதும் கிடைத்ததும்: வாசகர் கேள்விகளுக்கு வருவாய்த்துறைப் பதிவறை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ணகிரிக்காரர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். எங்கள் ஏரியை வெட்டியது யார் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன், கம்ப்யூட்டரில் இருப்பது மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். வேறு எங்கே தேடலாம்? (கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, கம்ப்யூட்டரில் இருப்பது கடைசிப் பக்கம்தான். ஆனால் தொடங்க வேண்டியதும் அங்கேதான். அரசின் இ-சேவைத் தளத்தில் ஏரியின் புல எண்ணுக்கு (சர்வே எண்) ‘அ’ பதிவேடு, அதாவது ஊர் நிலங்களின் அடிப்படைப் பதிவேடு, எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிக்குக் கீழே பாசனம் பெறும் நஞ்சைகளின் எண்களையும் சேர்த்துக் குறியுங்கள். நிலப் பதிவுகளைப் புதுப்பித்த யுடிஆர் திட்டத்தின் சமயத்தில், அதாவது 1980களில், பல இடங்களில் எண்ணும் உட்பிரிவும் மாறியிருக்கின்றன. அதனால் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டில் பழைய எண் என்ன என்று பார்த்தாக வேண்டும். அந்தப் பழைய எண்தான் உங்களுக்குச் சாவி.

அப்புறம் சென்னை, எழும்பூர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே போய் ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று கேட்டு ஒன்றும் இல்லையென்று திரும்பி வந்தவர்கள் உண்டு. நம் மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது, தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. எனவே பழைய காகிதத்துக்குச் ‘சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா’ என்றுதான் கேட்க வேண்டும்.

அங்கே முதலில் இனாம் பதிவேட்டைக் கேளுங்கள். இனாம் என்றால் வரி இல்லாமலோ குறைந்த வரிக்கோ மானியமாக விட்ட நிலம். 1860களை ஒட்டி இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து எழுதியது. இனாம் யாருக்கு, எதற்காக, யார் கொடுத்தது, அப்போது அனுபவிப்பவர் யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் ‘தசபந்தம்’ என்ற சொல் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஏரி வெட்டியவருக்கோ, உடைந்ததைக் கட்டியவருக்கோ விட்ட மானியம் அது. பரம்பரையாக அனுபவித்தவர்கள் பெயர் அந்த வரியிலேயே இருக்கும். ஊர்க் கதையில் வரும் ஆளும் அந்தப் பெயரும் ஒத்துப்போனால் அதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்! தசபந்தம் இல்லாவிட்டாலும் கோயில் மானியமோ ஊழிய மானியமோ ஏரியை எல்லையாகச் சொல்லியிருக்கும். சரி, ஏரி அப்போதே இருந்தது என்றாவது உறுதியாகும்.

அதற்கும் முன்னே போக வேண்டுமானால் பாராமகால் ஆவணங்கள். நம் பகுதியின் பழைய பெயர்தான் பாராமகால். 1792இல் திப்புவிடமிருந்து இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும் கம்பெனி அதிகாரி அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலம் அளந்து தீர்வை போட்ட காலத்துக் காகிதங்கள் அவை. பெரும்பகுதி அச்சாகியிருக்கிறது. லெ ஃபானு 1883இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டையும், ரிச்சர்ட்ஸின் 1918ஆம் ஆண்டு கெசட்டியரையும் கூடவே வாசியுங்கள். மூன்றும் ஆங்கிலம்தான், ஆனால் ஊர்ப்பெயரை அவர்கள் எழுத்துக் கூட்டிய விதம் பிடிபட்டுவிட்டால் பிறகு வேகமாக நகரும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய பதிவேட்டில் எல்லோரும் பெயரையும் பரப்பையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வலது ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கலம் இருக்கும். கர்ணம் (ஊர்க் கணக்கர்) கையெழுத்தில், சிவப்பு மையில், ‘கரை உடைப்பு’, ‘கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) புதிது’ என்று நாலு சொல் கிடக்கும். ஏரியின் சரித்திரம் முழுக்க அந்தக் கலத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாள் பொடிந்தால் அது போனதுதான். அதனால் பக்கம் புரட்டும்போது மேல் மூலையைப் பிடித்து மெதுவாகப் புரட்டுங்கள், விரலில் எச்சில் தொடாதீர்கள்.

நீர்வளத்துறையிலும் (முன்பு பொதுப்பணித்துறையில் இருந்தது) கேளுங்கள். 1883இல் தொடங்கிய ஏரி சீரமைப்புத் திட்டத்துக்காக ஏரிகளுக்கு ‘மெமாயர்’ என்ற விவரக் குறிப்பு எழுதினார்கள். மதகு, கலங்கல், ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) எல்லாம் அதில் வரும். வாயால் கேட்டுக் கிடைக்கவில்லையென்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், பழைய புல எண்ணை மறக்காமல் எழுதி.

கேள்வி: எங்கள் கொல்லையில் வில்லேந்திய உருவமும் எழுத்தும் உள்ள கல் இருக்கிறது. வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். என்ன செய்வது? (வாசகி, பாலக்கோடு)

பதில்: அது நடுகல்லாக, அதாவது சண்டையில் இறந்த வீரர் நினைவாக நட்ட கல்லாக, இருக்கும் அம்மா. கும்பிடுங்கள், ஆனால் பெயிண்ட் அடிக்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். எழுத்து, பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்தாக இருக்கலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது போட்டோ எடுத்து, தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். நடுகற்கள் அங்கேயே நிறைய இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.