கொய்யாவைக் கடிப்பது அணில்தானா?

மொட்டைமாடித் தொட்டியில் வளர்க்கும் கொய்யாவை அணில் கடிக்கிறது, கூண்டு வைத்துப் பிடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூண்டு வேண்டாம். வேளச்சேரி மொட்டைமாடியில் ஒன்றைப் பிடித்து எங்கோ கொண்டுபோய் விட்டால் இன்னொன்று வந்துவிடும். பிடிபட்டது தாய் அணிலாக இருந்தால் கூட்டில் குட்டிகள் பட்டினியால் செத்துவிடும், பாவம். காய் முற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் சிறு துணிப்பை கட்டிவிடுங்கள்.

“காலையில் எழுந்து பார்த்தால் கடித்த பழம்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. முதுகில் மூன்று கோடு உள்ள நம் ஊர் அணில் பகலில் மட்டுமே இரை தேடும். பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் அடங்கிவிடும். இரவில் வருவது பெரும்பாலும் பழந்தின்னி வௌவால், இல்லையென்றால் எலி.

இருட்டியதும் தொட்டியைச் சுற்றிப் பெருக்கிவிட்டு, விடிவதற்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பிய சக்கை கிடந்தால் வௌவால்தான்.

செடி முழுக்க நைலான் வலை மட்டும் போர்த்தாதீர்கள். தொய்ந்த வலையில் அணிலும் வௌவாலும் சிக்கித் துடிக்கும்.