ஈரோட்டு வெயில், ஊட்டிக் குளிர், வால்பாறை ஈரம்: ஒரே பயணத்துக்கு எத்தனை பெட்டி?

கேள்வி: நாங்கள் கோபி பக்கமுங்க. மே இரண்டாவது வாரம் ஈரோட்டில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அது முடிந்ததும் மேட்டுப்பாளையம் போய் மலை ரயிலில் ஊட்டி, அங்கே இரண்டு ராத்திரி. பிறகு என் அண்ணன் காரில் வந்து பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போவார். அவர் வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு, அதே காரில் வால்பாறை போய் இரண்டு ராத்திரி. நானும் வீட்டுக்காரரும், பையனுக்கு 11 வயது, பாப்பாவுக்கு 5, கூடவே எங்க அத்தை. அத்தைக்கு வயது 67, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். இப்போதே நாலு பெட்டி நிரம்பிவிட்டது. எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: மலை ரயிலுக்கு மே மாதத்தில் டிக்கெட் எடுத்துவிட்டீர்கள் என்றால், பாதி வேலை முடிந்த மாதிரிதான். நாலு பெட்டி என்றதும் எனக்கு ஒன்று புரிகிறது. ஊருக்கு ஒரு பெட்டி என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். சுற்றுலா வேனில் ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகிற தொழிலில் இருபது வருஷமாக இருக்கிறேன். முதல் முறை வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் கட்டுகிறார்கள்.

ஊர்ப் பெயரை மறந்துவிட்டு உயரத்தை மட்டும் பாருங்கள். ஈரோடு கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூட இல்லை. பொள்ளாச்சி 300 மீட்டருக்குப் பக்கம். வால்பாறை 3,500 அடி, அதாவது 1,100 மீட்டர் அளவு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கத்திரி வெயிலில் ஈரோடு 40 டிகிரியைத் தொடுகிற அதே மதியம், ஊட்டியில் 22, 23 இருக்கும். விடியற்காலையில் அங்கே 12க்குக்கூட இறங்கும்.

இந்த வித்தியாசத்துக்குத் தனித்தனி உடுப்பு வேண்டாம். கீழே போடுகிற அதே பருத்தி உடுப்புதான் மேலேயும். அதற்கு மேல் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே திருப்பூர் பனியன், மேலே முழுக்கைச் சட்டை அல்லது சுடிதார், அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜெர்கின். ஒவ்வொரு துணிக்கும் நடுவில் நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. அதனால் மூட்டை மாதிரி ஒரே ஸ்வெட்டர் வாங்குவதைவிட மெல்லியதாக இரண்டு எடுப்பது நல்லது. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றலாம், சாயங்காலம் திரும்பப் போடலாம். புதிதாக வாங்குவதென்றால் திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு மலிவாகக் கிடைக்கும். ஊட்டியில் இறங்கிக் குளிரில் நடுங்கிக்கொண்டு பேரம் பேசினால் கடைக்காரர் சொல்வதுதான் விலை.

ஜீன்ஸை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பையன் முகத்தைத் தூக்குவான், தெரியும். ஆனால் மலையில் குளிரைவிட மோசமானது ஈரத்தோடு சேர்ந்த குளிர். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், கனத்த ஜீன்ஸ் மலையில் இரண்டு நாளானாலும் முழுசாகக் காயாது. மே மாதம் பகலில் பளிச்சென்று இருந்துவிட்டு, மூன்று நாலு மணிக்கு இடியோடு கோடை மழை கொட்டுவது அங்கே சாதாரணம். சீக்கிரம் காய்கிற டிராக் பேண்ட் ஆளுக்கு இரண்டு போதும்.

இதில் நானே பட்ட பாடு ஒன்று உண்டு. ஒரு மே மாதம், பதினோரு பேர் வேனில் கிளம்பினோம். "ஸ்வெட்டரெல்லாம் ஊட்டி போய் எடுத்துக்கலாம்" என்று ஒரே பையில் போட்டு மேல் கேரியரில் கட்டினேன். பர்லியார் தாண்டியதும் மழை. தார்ப்பாய் மேலே மூடியிருந்தது, பக்கவாட்டில் விட்டுவிட்டது. குன்னூரில் எல்லோரும் கேட்டபோது எடுத்துப் பார்த்தால் பதினோரு ஸ்வெட்டரும் பிழிகிற பதத்தில். அன்றிலிருந்து மழையிலும் குளிரிலும் வேண்டியது எதையும் பெட்டியில் வைப்பதில்லை, கைப்பையில்தான்.

உங்கள் ரயிலுக்கும் அதே கதைதான். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக்கொண்டு ஏறுவீர்கள். கல்லாறு தாண்டி பல்சக்கரத்தில் ஏற ஆரம்பித்ததும் காற்று மாறும். ஊட்டி சேர மதியம் ஆகிவிடும், நடுவில் பெட்டியைத் திறக்க இடமே இருக்காது. பெட்டிகள் சின்னவை, சாமான் வைக்க இடம் குறைவு. ஆகவே ஐந்து பேரின் ஸ்வெட்டர், பாப்பாவின் குல்லா, அத்தையின் சால்வை, ஜெர்கின், மருந்து எல்லாம் ஒரே கைப்பையில் மடியோடு இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம். குன்னூர் வரை நீராவி இன்ஜின், வழியில் 16 சுரங்கம். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் சட்டை சொல்லிவிடும்.

சரி, நாலு பெட்டியைக் குறைக்கும் வழிக்கு வருவோம். முதல் பெட்டி கல்யாணப் பெட்டிதானே? பட்டுப்புடவை, வேட்டி சட்டை, நகை எதுவும் மலை ஏற வேண்டியதில்லை. தாலி கட்டி, சீர் முடிந்து பந்தி எழுந்ததும், கோபிக்குத் திரும்புகிற நம்பகமான சொந்தக்காரரிடம் அந்தப் பெட்டியைக் கொடுத்தனுப்பிவிடுங்கள். ஒன்று ஒழிந்தது.

இரண்டாவது, துணி எண்ணிக்கை. ஏழு நாளுக்கு ஏழு செட் வேண்டாம். உடுத்தியது போக ஆளுக்கு மூன்று செட், பாப்பாவுக்கு மட்டும் ஐந்து. துவைப்பதற்கு உங்களுக்கு அருமையான ஊர் நடுவில் இருக்கிறது. ஊட்டியில் துவைத்தால் காயாது, வால்பாறையில் சுத்தமாகக் காயாது. பொள்ளாச்சியில் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வெயிலும் சேர்ந்து அரை நாளில் காயவைத்துவிடும். போய் இறங்கியதும் முதல் வேலையாகத் துவைத்துவிடுங்கள். ஸ்வெட்டரில் பாதியை அங்கேயே விட்டும் போகலாம், வால்பாறை ஊட்டி அளவுக்குக் குளிராது.

அங்கே பிரச்சனை ஈரம்தான். உள்ளாடையும் காலுறையும் கூடுதலாக வேண்டும், அதைத் தனியாகக் கட்டுங்கள். கோடை மழை பெய்திருந்தால் தேயிலைத் தோட்டத்து ஓரப் புல்லிலும் சோலைக்காட்டிலும் அட்டை ஏறும். முழங்கால் வரை வருகிற காலுறை போட்டு, பேண்ட்டை அதற்குள் சொருகிவிட்டால் போதும். கொஞ்சம் தூள் உப்பு பொட்டலம் கையில் இருக்கட்டும். ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல், நகத்தால் ஓரத்திலிருந்து நகர்த்தி எடுங்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிற ஆளுக்கு முன் சீட்டு, வயிற்றில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம், செல்போன் பார்க்கக் கூடாது. மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பாதி வளைவில் கொடுத்துப் பயனில்லை. எலுமிச்சையும் இஞ்சி மரப்பாவும் என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு உதவுகின்றன.

அத்தையின் இன்சுலின் விஷயத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பது பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை தாங்கும். நாள் கணக்கு மருந்துக்கு மருந்து மாறும், உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆபத்தான இடம் ஈரோடு: மண்டபத்து வாசலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள். சின்ன தெர்மோ பையில் வைத்து, ஐஸ் நேராகப் படாமல் நடுவில் துண்டு சுற்றுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு உதவாது. ஊட்டியில் அறை குளிரே போதும், திறந்த மருந்துக்கு பிரிட்ஜ் தேட வேண்டாம். அப்புறம், அத்தை வெறுங்காலில் நடக்கக் கூடாது, காலுறையும் இறுக்கமாக இருக்கக் கூடாது.

உயரம் செய்கிற இன்னும் சில வேலைகள் உண்டு. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பும், நிறைய ஊற்றிய ஷாம்பு பாட்டில் மூடியைத் திறந்தால் பீச்சியடிக்கும். முக்கால் அளவு ஊற்றி, தனிக் கவரில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோனால் தலைக்கு வைத்த மாதிரிதான். வாய் அகன்ற டப்பாவில் எடுங்கள். குளிர்கிறதே என்று தொப்பி போடாமல் இருக்காதீர்கள். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போல புற ஊதாக் கதிர் கூடுகிறது, சூடு தெரியாமலேயே பிள்ளைகளின் முகம் கருத்துவிடும்.

பவானி ஜமுக்காளம் எடுத்துவைத்திருந்தால் இறக்கிவையுங்கள், கனம் தாங்காது. சென்னிமலைப் போர்வை ஒன்று போதும். போர்த்தவும் ஆகும், புல்வெளியில் விரிக்கவும் ஆகும். குடை ஒன்றே ஒன்று, அதுவும் ஈரோட்டு வெயிலில் அத்தைக்கு. ஊட்டிக் காற்றில் குடை திருப்பிக்கொள்ளும்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டிலும், வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க்கும் எடுங்கள். அண்ணன் காருக்கு இ-பாஸ் வேண்டும். நீலகிரிக்கு 2024 மே முதல், வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல் இந்த முறை இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாக இணையத்தில் முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஆக இரண்டு பெட்டி, ஒரு கைப்பை, புளிசாதத்துக்கு ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா. சாதம் மேட்டுப்பாளையத்திலேயே காலியாகிவிடும். திரும்பும்போது அந்த டப்பாவில் ஊட்டி வர்க்கி வாங்கிப் போடுங்கள், பையில் போட்டால் தூளாகிவிடும். ஆனால் வால்பாறைக்குக் கொண்டுபோகாமல், டப்பாவைப் பொள்ளாச்சியில் அண்ணன் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த ஈரக் காற்றில் ஒரே ராத்திரியில் நமத்துவிடும்.