ஒரே மாத்திரை, வேறு வேறு உடம்பு: மனச்சோர்வு மருந்தும் மரபணுவும் (கேள்வி பதில்)

சென்னையில் மருந்தியல் ஆசிரியராகவும், பின்னர் மருத்துவமனை மருந்தகத்தில் ஆலோசகராகவும் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் மரபணுச் சோதனையைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மருந்தின் அளவை மாற்றும் முடிவை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

பெரம்பூரிலிருந்து: அம்மா, எனக்கும் என் அக்காவுக்கும் ஒரே மருத்துவர் எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். அக்கா ஆறு வாரத்தில் தேறிவிட்டார். எனக்கு நான்காம் நாளே படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை. வீட்டில் எல்லோரும் இது என் கற்பனை என்கிறார்கள். உடம்பிலேயே வித்தியாசம் இருக்க முடியுமா?

இருக்க முடியும், அதை அளந்தும் பார்க்க முடியும். நாம் விழுங்கும் எஸ்சிட்டலோபிராமைச் சிதைத்து வெளியேற்றும் வேலையில் பெரும்பங்கைக் கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி19 என்ற நொதி செய்கிறது. அந்த நொதிக்கான மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக, தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இருக்கிறது. இரண்டும் செயலிழந்த வகையாக அமைந்தால் மருந்து மிக மெதுவாகக் கழிந்து இரத்தத்தில் தேங்கும். இரண்டும் வேகமான வகையாக அமைந்தால், மருந்து விரைவாகக் கழிந்து இரத்தத்தில் அதன் அளவு குறையும். கூடப்பிறந்தவர்களாக இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட மரபணுவில் பெற்றோரிடமிருந்து அதே இரண்டு பிரதிகளையும் இருவரும் பெறுவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ஆகவே அக்காவுக்கு ஒத்துக்கொண்டது தங்கைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று உறுதியாக எதிர்பார்ப்பதற்கு உயிரியலில் இடமில்லை.

இந்த வேறுபாட்டின் அளவைச் சொன்னால் உங்கள் வீட்டாருக்கு விளங்கும். நார்வேயில் எஸ்சிட்டலோபிராம் எடுத்துக்கொண்ட 2,087 பேரைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வில், மந்த நொதி உடையவர்களின் இரத்தத்தில் மருந்தின் செறிவு இயல்பானவர்களுக்கு இருந்ததைப் போல் 3.3 மடங்கு இருந்தது. அப்படியானால் 10 மில்லிகிராம் மாத்திரை அவர்களுடைய உடம்பில் 30 மில்லிகிராமுக்கு நிகராக நிற்கிறது. மந்த நொதிக்காரர்கள், மிக வேகமான நொதிக்காரர்கள் ஆகிய இரு சாராருமே ஓராண்டுக்குள் வேறு மருந்துக்கு மாறுவது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது.

தமிழர்களாகிய நாம் இதைக் கூடுதல் அக்கறையோடு பார்க்கக் காரணம் உண்டு. செயலிழந்த சிஒய்பி2சி19 வகை ஐரோப்பியரின் மரபணுப் பிரதிகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து என்ற அளவில் இருக்கிறது. தமிழ் மக்களிடையே புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் பார்த்தபோது அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக இருந்தது. ஐரோப்பாவில் இரண்டு பிரதிகளும் செயலிழந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். நம்மிடையே அதைப் போலப் பல மடங்கு. "நம்ம ஜனங்களுக்குச் சின்ன டோஸே போதும்" என்று பழைய மருத்துவர்கள் அனுபவத்தால் சொல்லிவந்ததற்கு ஒரு பகுதி காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து.

என் மருந்தக நாட்களில் ஓர் அம்மாள் மாதந்தோறும் வருவார். 10 மில்லிகிராம் மாத்திரையைக் காய் நறுக்கும் கத்தியால் நான்காக வெட்டி, நாட்காட்டித் தாளில் பொட்டலங்களாக மடித்து வைத்திருப்பார். மருத்துவரிடம் சொன்னால் திட்டுவார் என்று பயந்து, தானே குறைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்தப் பொட்டலங்களை மருத்துவரின் மேசையில் பிரித்துக் காட்டும்படி சொல்லி அனுப்பினேன். மருத்துவர் அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார்; அடுத்த மாதம் அந்த அம்மாளுக்குக் கத்தி தேவைப்படவில்லை. அவருக்கு மரபணுச் சோதனை எதுவும் செய்யப்படவில்லை. உடம்பு சொன்னதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான்.

ஆனால் முதல் சில நாட்களின் குமட்டலும் படபடப்பும் எந்த நொதி உள்ளவருக்கும் வரக்கூடியவை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் அடங்கிவிடும். ஆகவே அறிகுறியை மட்டும் வைத்து நீங்கள் மந்த நொதிக்காரர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மாத்திரையை நிறுத்தாமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

கீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு மருத்துவ மாணவர்: இதை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள், மேடம்?

இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். 1960களில் சுவீடனில் ஃபோல்கே ஷோக்விஸ்ட் குழுவினர், நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தை ஒரே அளவில் பலருக்குக் கொடுத்தும் இரத்த அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுவதைக் கண்டார்கள். 1969இல் இரட்டையர்களிடம் சோதித்தபோது, வேறு மருந்து எதையும் எடுத்துக்கொள்ளாத ஒரே கரு இரட்டையர்களிடம் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே நின்றது. இரு கரு இரட்டையர்களிடம் அந்த ஒற்றுமை இல்லை. பிறகு 1970களின் நடுவில் லண்டனில் ராபர்ட் ஸ்மித் என்ற பேராசிரியர், டெப்ரிசோகுயின் என்ற இரத்த அழுத்த மருந்தைத் தம் ஆய்வகத்தாரோடு சேர்ந்து தாமும் விழுங்கினார். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு மட்டும் இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரிந்து நிற்க முடியாமல் போனது. அவருடைய உடம்பால் அந்த மருந்தைச் சிதைக்க முடியவில்லை. அந்த வேலையைச் செய்யும் நொதிக்குப் பின்னாளில் சிஒய்பி2டி6 என்று பெயரிட்டார்கள். நார்ட்ரிப்டிலினைக் கழிப்பதும் அதே நொதிதான் என்று தெரிந்தபோது இரண்டு கதைகளும் ஒன்றாயின.

அண்ணா நகரிலிருந்து: ஒரு தனியார் ஆய்வகத்தின் அறிக்கை மருந்துகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துத் தருகிறது. பச்சையில் உள்ள மருந்து எனக்குக் குணம் தரும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஒரு இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். மருந்தை உடம்பு என்ன செய்கிறது என்பது ஒரு கேள்வி. மூளையில் மருந்து என்ன செய்கிறது என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு மரபணுச் சோதனை நம்பத்தக்க விடை தருகிறது. சிஒய்பி2சி19, சிஒய்பி2டி6 ஆகியவற்றை வைத்து எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பாராக்சிடின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றின் அளவை எப்படி மாற்றலாம் என்பதற்குப் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் உள்ளன.

இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை அப்படிப்பட்ட விடை இல்லை. செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளை நரம்பணுவுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும் புரதத்தின் மரபணுவில் குட்டை, நெட்டை என இரு வகைகள் உண்டு என்று 1996இல் கண்டபோது, இதோ திறவுகோல் கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். நானும் வகுப்பில் அப்படித்தான் கற்பித்தேன். 2003இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்று, வாழ்க்கைத் துயரும் அந்தக் குட்டை வகையும் சேர்ந்தால் மனச்சோர்வு வருகிறது என்றது. பிறகு லட்சக்கணக்கானோரின் தரவுகளை வைத்து 2019இல் சரிபார்த்தபோது, அந்த மரபணுவுக்கும் அதைப் போலப் பேர்போன வேறு பல மரபணுக்களுக்கும் ஆதாரம் நிற்கவில்லை. 2023இல் புதுப்பிக்கப்பட்ட பன்னாட்டு வழிகாட்டுதலும் அந்த மரபணுவை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்கப் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் சில வணிக அறிக்கைகள் அதையும் கூட்டிக் கலந்தே வண்ணம் தீட்டுகின்றன. குறிப்பிட்ட மருந்துக்கு ஒருவரின் உடம்பு எப்படி இணங்கும் என்று முன்கூட்டியே சொல்வதாக விற்கப்படும் சோதனைகள் பலவற்றுக்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்ததும் இதனால்தான்.

அறிக்கையைப் பார்த்து மருந்து கொடுத்தால் நோயாளிக்கு நன்மை உண்டா என்பதை, அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 1,944 பேரிடம் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். உடம்போடு ஒத்துப்போகாத மருந்தை எழுதுவது குறைந்தது. நோய் முற்றிலும் தணிந்தவர்களின் எண்ணிக்கை, 24 வாரங்களையும் சேர்த்துப் பார்த்தால், சற்றே கூடுதலாக இருந்தது; 24ஆம் வார முடிவில் மட்டும் பார்த்தால் தெளிவான வேறுபாடு இல்லை. சிறிய நன்மைதான், ஆனால் பொய்யான நன்மை அன்று.

என்னைக் கேட்டால், முதல் மாத்திரை தொடங்கும்போதே எல்லோரும் இந்தச் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பக்கவிளைவால் இரண்டு மருந்துகளைக் கைவிட்டவர், பல நோய்களுக்கு மருந்து எடுக்கும் முதியவர், அமிட்ரிப்டிலின் வகையை உயர்ந்த அளவில் தொடங்கப்போகிறவர் ஆகியோருக்கு அது பயன்படும். பல நாளாக நன்றாக வேலை செய்துவரும் ஒரு மருந்து அறிக்கையில் சிவப்பாக இருக்கிறது என்பதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் தேறியிருப்பது எந்த வண்ணத்தைவிடவும் வலுவான சான்று.

தாம்பரத்திலிருந்து: இந்தச் சோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

வேண்டாம். கன்னத்தின் உட்புறத்திலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுப்பார்கள், அல்லது சிறிது இரத்தம் எடுப்பார்கள். மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

மயிலாப்பூரிலிருந்து, வயது 67: எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், குளோபிடோகிரெல் எடுத்துக்கொள்கிறேன். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோலை மருந்துக் கடையில் நானே வாங்கிக்கொள்கிறேன். இப்போது மனச்சோர்வுக்குச் சிட்டலோபிராமும் சேர்ந்திருக்கிறது. மரபணு இயல்பாக இருந்தால் கவலை இல்லைதானே?

ஐயா, நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. மரபணு இயல்பாகவே இருந்தாலும், இன்னொரு மருந்து நொதியை முடக்கினால் உடம்பு மந்த நொதிக்காரருடைய உடம்பு போலவே நடந்துகொள்ளும். ஒமெப்ரசோல் சிஒய்பி2சி19ஐத் தடுக்கிறது. அதனால் சிட்டலோபிராம் இரத்தத்தில் ஏறும். அளவு மிகுந்தால் இதயத் துடிப்பின் மின்னோட்டச் சீர் கெடக்கூடும் என்பதால், 60 வயதைக் கடந்தவர்களும், மந்த நொதி உள்ளவர்களும், இந்த நொதியைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க அமைப்பின் அறிவுரை. அதோடு, இரத்தம் கட்டாமல் காக்கும் குளோபிடோகிரெல் செயல்படும் பொருளாக மாறுவதற்கும் இதே நொதிதான் தேவை. ஒமெப்ரசோல் அதன் பயனையும் குறைக்கிறது. உங்கள் மாத்திரைகள் எல்லாவற்றையும், கடையில் நீங்களாக வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு இதய மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள். நெஞ்செரிச்சலுக்கு மாற்று மருந்து உண்டு.

இதே தர்க்கம் மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் எடுக்கும் பெண்களுக்கும் பொருந்தும். அந்த மருந்தைச் செயல்வடிவுக்கு மாற்றுவதில் சிஒய்பி2டி6க்குப் பெரும்பங்கு உண்டு. மனச்சோர்வு மருந்துகளான பாராக்சிடினும் ஃபுளூவாக்சிடினும் அந்த நொதியை வலுவாகத் தடுப்பவை. அவர்கள் மனச்சோர்வுக்கு மருந்து தொடங்குமுன் தமாக்சிஃபென் எடுப்பதைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

வேளச்சேரியிலிருந்து: என் அம்மாவுக்கு மனச்சோர்வு இருந்தது, எனக்கும் இருக்கிறது. பதினான்கு வயது மகனுக்கு இப்போதே மரபணுச் சோதனை செய்துவிடலாமா?

நோய் வருமா என்று சொல்லும் மரபணுச் சோதனை கிடையாது, அம்மா. இரட்டையர் ஆய்வுகளின்படி மனச்சோர்வில் மரபின் பங்கு நூற்றுக்கு 37 அளவு. எஞ்சியது வாழ்க்கையும் சூழலும். 2025இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஏறத்தாழ 700 மரபணு வேறுபாடுகளை மனச்சோர்வோடு தொடர்புபடுத்தியது. ஒவ்வொன்றின் விளைவும் மிகமிகச் சிறியது. இவற்றுக்கும் நான் மேலே எழுதிய நொதி மரபணுக்களுக்கும் தொடர்பில்லை. உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை எழுதி வையுங்கள். மகனுக்கு என்றாவது தேவைப்பட்டால் அந்தத் தாள் மருத்துவருக்கு உதவும். அதுவரை அவன் பேச வந்தால் கேளுங்கள்.

அம்பத்தூரிலிருந்து: எனக்கு வயது 22. பத்து நாளாகச் செர்ட்ராலின் எடுக்கிறேன், மாற்றமே இல்லை. எனக்கு வேக நொதியா? நிறுத்திவிடலாமா?

பத்து நாளில் அதைச் சொல்ல முடியாது, தம்பி. மருந்தின் முழுப்பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சுமார் 4,000 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளிவந்த பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே நோய் முழுவதும் தணிந்தவர்கள் மூன்றில் ஒருவர்தான்; இரண்டாவது மருந்தில் மேலும் பலர் தேறினார்கள். ஆகவே முதல் மருந்து பலிக்காமல் போனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள். நாள்பட எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் வருவதுண்டு. 25 வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்குத் தொடக்க வாரங்களில் அமைதியின்மையும் தற்கொலை எண்ணமும் கூடலாம். அப்படி ஏதேனும் தோன்றினால் உடனே வீட்டாரிடம் சொல்லுங்கள், அல்லது அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அடையாறிலிருந்து: சோதனை செய்துவிட்டேன். அறிக்கையை என்ன செய்வது?

மரபணு மாறாது என்பதால் அது ஆயுள் முழுவதற்குமான தாள். வண்ணப் பட்டியலை விட்டுவிட்டு, சிஒய்பி2சி19, சிஒய்பி2டி6 என்ற இரண்டு வரிகளுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதை இரத்த வகையைக் குறித்து வைப்பதுபோல் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படம் ஒன்றும் மருந்துச் சீட்டுக் கோப்பில் நகல் ஒன்றும் இருக்கட்டும். அறுவை சிகிச்சைக்குப் போனால் மயக்கவியல் மருத்துவரிடமும் காட்டுங்கள். கோடீன், டிரமடால் ஆகிய வலி மருந்துகளும் சிஒய்பி2டி6 வழியாகவே வேலை செய்கின்றன.