36 வயதில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள முடியுமா? நீச்சல் அரைகுறை, கண்ணாடி வேறு போட்டிருக்கிறேன். நிற்க எத்தனை நாள் ஆகும்?

தாராளமாக முடியும். நான் தொடங்கியபோது எனக்கு 38. சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை, இரண்டு குழந்தைகள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இப்போது ஐந்து வருடமாக, கடல் விட்டால், சனிக்கிழமை காலை நான் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில்தான் இருப்பேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பலகை மேல் எழுந்து நிற்பதற்கு ஒரு நாள் போதும். நல்ல ஆசிரியரும் இடுப்பளவு தண்ணீரும் பெரிய ஃபோம் பலகையும் இருந்தால், முதல் வகுப்பு முடிவதற்குள் பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று விநாடியாவது நின்றுவிடுகிறார்கள். அலை உடைந்து நுரையாக வரும்போது ஆசிரியர் பின்னாலிருந்து தள்ளிவிடுவார், நீங்கள் எழுந்தால் போதும். ஆனால் யாரும் தள்ளாமல், உடையாத அலையை நீங்களே தேர்ந்தெடுத்து, கையால் துடுப்புப் போட்டுப் பிடிப்பது வேறு கணக்கு. எனக்கு அதற்கு ஏழு மாதம் ஆனது. அதில் முக்கால்வாசி நேரம் கடலைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவே போனது. "எத்தனை நாளில் நிற்கலாம்" என்பதைவிட "எத்தனை நாளில் கடல் புரியும்" என்று கேட்டுக்கொண்டு போங்கள், ஏமாற்றம் இருக்காது.

என் முதல் வகுப்பைச் சொல்கிறேன். காலை ஐந்தே முக்கால். கற்றுக்கொடுக்க வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், மீனவர் குடும்பம். பலகையைக் கையில் கொடுப்பான் என்று நின்றேன். அவனோ மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அக்கா, மொதல்ல கடலப் பாருங்க. அஞ்சு நிமிஷம் பேசாமப் பாருங்க" என்றான். பார்த்தேன். "எங்க ஒடையுது?" கையை நீட்டி அங்கே, இங்கே என்று காட்டினேன். "சரி, எங்க ஒடையல?" அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் காட்டிய இடத்தில், இரண்டு பக்கமும் வெள்ளை நுரை இருக்க, நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்குத் தண்ணீர் கொஞ்சம் கறுத்து, அமைதியாக, லேசாகச் சுருக்கம் விழுந்தாற்போல் கிடந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட நானாக இருந்தால் அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். "அதுதான்க்கா உள்ள இழுக்கிற எடம்."

அன்று நுனிப்புல் மேய்ந்த அந்தப் பாடம் முழுதாகப் புரியப் பல வாரம் பிடித்தது. அலை என்பது எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் காற்று கிளப்பிவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வருவது. ஆழத்தில் ஓடும்வரை அதற்குத் தரை தெரியாது. கரையை நெருங்கும்போது அடிப்பாகம் தரையில் உரசி மெதுவாகும், மேல்பாகம் உயர்ந்து முன்னால் கவிழும். தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடைகிறது. அதாவது மூன்றடி அலை உடைகிற இடத்தில் சுமார் நாலடித் தண்ணீர்தான். எங்கே உடைகிறதோ அங்கே அடியில் மணல்திட்டு, எங்கே உடையவில்லையோ அங்கே பள்ளம். கரைக்கு வந்து சேர்ந்த தண்ணீர் முழுவதும் திரும்பிப் போக வழி தேடும், அந்தப் பள்ளம்தான் அதற்கு வழி. தெரியாமல் குளிக்க இறங்குகிறவரை அது உள்ளே கொண்டுபோய்விடும். தெரிந்தவர் அதையே பாதையாக வைத்து, அலைகளோடு மல்லுக்கட்டாமல் வெளியே போய்ச் சேர்வார். நம் கிழக்குக் கடற்கரையில் அடி பெரும்பாலும் மணல்தான் என்பதால் ஒவ்வொரு பருவமழைக்குப் பிறகும் திட்டும் பள்ளமும் இடம் மாறும். போன மாதம் பார்த்த கடல்தானே என்று இறங்காதீர்கள்.

நீச்சலுக்கு வருகிறேன். இதில் மட்டும் நான் கறாராகத்தான் சொல்வேன். காலில் கட்டியிருக்கும் லீஷ் என்கிற கயிறு பலகையோடு உங்களைச் சேர்த்து வைக்கும், உண்மைதான், ஆனால் லீஷ் அறுந்துபோகும். "அரைகுறை" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் இரண்டு மூன்று மாதம் நீச்சல் குளத்துக்குப் போங்கள். நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், களைத்தால் மல்லாந்து மிதக்கவும், மூக்கில் தண்ணீர் ஏறினாலும் பதறாமல் இருக்கவும் பழகுங்கள். நுரையில் படிப்பது மார்பளவு தண்ணீருக்குள்தான் என்பதால் அதற்கு இதெல்லாம் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஏன் என்றால், மூன்றாவது மாதம் நான் ஒரு தப்புப் பண்ணினேன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகி விலகிப்போன மறுநாள், வகுப்பு கிடையாது என்று சொல்லியும், வெயில் பளிச்சென்று அடிக்கிறதே என்று தனியாக இறங்கினேன். வானம் தெளிந்துவிட்டால் கடலும் தெளிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில், அடையாளம் வைத்திருந்த மஞ்சள் கட்டடம் தீப்பெட்டி அளவுக்குப் போய்விட்டது. கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டேன், போட்டேன், கட்டடம் பெரிதாகவே இல்லை. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அப்போதுதான் அந்த ஆசிரியத் தம்பி சொன்னது ஞாபகம் வந்தது: "கரையப் பாத்து வராதீங்க, நொரையப் பாத்துப் போங்க." பலகையை விடாமல் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கினேன். பிறகு கரைக்கு இணையாக, அலை உடைகிற பக்கமாக நகர்ந்தேன். நுரை வந்ததும் குப்புறப் படுத்துக்கொண்டேன், அலையே என்னைக் கரையில் கொண்டுவந்து போட்டது. மணலில் உட்கார்ந்து அழுதேன். பலகையும் கொஞ்சம் நீச்சலும் இருந்ததால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காற்றே இல்லாத நாளில்கூடக் கடல் பொங்கும். தூரத்துப் புயலில் கிளம்பிய நீண்ட அலைகள் இங்கே சொல்லாமல் கொள்ளாமல் வந்து மோதுவதைக் குமரிப் பக்கமும் கேரளத்திலும் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது அப்படியொரு நாளில்தான். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முந்தின இரவு அதைப் பார்த்துவிட்டுப் படுப்பது எனக்கு இப்போது பல் துலக்குவது மாதிரி.

வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம். முழங்காலும் தோளும்தான் பேசும். பலகையில் படுத்துக் கழுத்தைத் தூக்கித் துடுப்புப் போடும்போது இதுவரை வேலை செய்யாத தசைகளெல்லாம் மறுநாள் தங்கள் இருப்பைத் தெரிவிக்கும். விலா எலும்பு பலகையில் அழுந்தி ஒரு வாரம் வலிக்கும், பிறகு பழகிவிடும். வீட்டில் பாய் விரித்து எழும் பயிற்சியைத் தினமும் இருபது தடவை செய்யுங்கள். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே மூச்சில் எழும்பி, முன்கால் இரண்டு கைகளுக்கு நடுவில் வந்து விழ வேண்டும். முட்டி போட்டு எழும் பழக்கம் வேண்டவே வேண்டாம், அதை மறக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. நின்றதும் முழங்கால் மடங்கி இருக்கட்டும். கண் போகிற இடத்துக்குத்தான் பலகை போகும், காலைக் குனிந்து பார்த்தால் தண்ணீருக்குள்தான் போவீர்கள்.

சொந்தப் பலகைக்கு அவசரப்படாதீர்கள். எட்டு, ஒன்பது அடி ஃபோம் பலகையில் ஒரு வருடம் ஓட்டுங்கள். காணொளிகளில் பார்க்கிற குட்டையான, கூரான பலகை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கற்றுக்கொள்கிறவரின் எடையை அது தாங்காது, அலையும் பிடிக்காது. விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள், தண்ணீருக்கு மேலே வரும்போது கையால் தலையை மறைத்துக்கொண்டு வாருங்கள். வருகிற அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை குறுக்காக ஒருபோதும் இருக்கக் கூடாது. அடி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சொந்தப் பலகையிடம்தான் வாங்குகிறார்கள்.

அந்த ஏழாவது மாத அலையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆகஸ்ட், ஆறரை மணி. நிலத்திலிருந்து லேசான காற்று, தண்ணீர் எண்ணெய் தடவினாற்போல். அலைகள் கூட்டமாக வரும், நாலைந்து பெரிதாக வந்தபிறகு சில நிமிடம் ஓய்வு. முதலாவதை விட்டேன், இரண்டாவதை விட்டேன். மூன்றாவது வரும்போது பலகையைக் கரைப்பக்கம் திருப்பித் துடுப்புப் போட்டேன். பின்னால் கால்மாட்டில் யாரோ கட்டிலைத் தூக்கினாற்போல் இருந்தது. இன்னும் இரண்டு துடுப்பு, பிறகு கைகளுக்கு வேலையே இல்லை, பலகை தானாக ஓடுகிறது. எழுந்தேன். நுரையில் எப்போதும் காதில் இரைச்சல் இருக்கும், இங்கே சத்தமே இல்லை, பலகைக்கு அடியில் பட்டுச்சேலை கிழிகிற மாதிரி ஓர் ஒலி மட்டும். வலப்பக்கம் தண்ணீர் கண்ணாடிச் சுவர்போல் பச்சையாக எழுந்து நின்றது, அதற்குள் மணல் சுழல்வது தெரிந்தது. ஆறேழு விநாடி இருக்கும். தம்பி தூரத்தில் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்.

எப்போது, எங்கே என்று கேட்பீர்கள். சென்னையை ஒட்டிய கடலுக்கு மார்ச் முதல் செப்டம்பர் வரை கற்றுக்கொள்ள ஏற்றது. விடியற்காலையில் நிலக்காற்று அலையை நேர்த்தியாக நிறுத்தி வைக்கும், பத்துப் பதினொரு மணிக்குமேல் கடல்காற்று ஏறிக் கலைத்துவிடும். கோடையில் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற நீரோட்டத்தை நம் மீனவர்கள் வன்னி என்பார்கள். அது வலுவாக ஓடும் நாளில் அரை மணி நேரத்தில் எங்கேயோ வடக்கே போயிருப்பீர்கள், அதனால் கரையில் ஓர் அடையாளம் கட்டாயம். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் முரட்டுத்தனமாக இருக்கும், புதியவர்களுக்கு வேண்டாம்.

கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் 2012-இல் ஆரம்பித்த பள்ளிக்குப் பிறகு இந்தக் கரையே மாறிவிட்டது. அவர் சிறுவயதில் மரப்பலகையில் அலையேறியவர். மாமல்லபுரத்திலும் பள்ளிகள் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி அங்கேதான் நடந்தது, ரமேஷ் புதிஹால் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வாங்கினார், இந்தப் போட்டியில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தனிநபர் பதக்கம். கொஞ்சம் தேறிய பிறகு இலங்கை போகலாம். தெற்கே வெலிகமவில் மணல் அடித்தளம், நவம்பர் முதல் ஏப்ரல்வரை. கிழக்கே பொத்துவில் பக்கம் அறுகம்குடா, ஏப்ரல் முதல் அக்டோபர்வரை. அங்கே முனையைச் சுற்றி வலப்பக்கமாக உடைந்துகொண்டே வருகிற அலை மிக நீளமானது.

ஒன்று முக்கியம். காலையில் படகுகள் திரும்பும் நேரத்தில் அவர்கள் வழியில் நிற்காதீர்கள், வலை இழுக்கிற இடத்துக்குள் போகாதீர்கள். கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்கே கொடுத்தவர்களின் கடல் அது, நாம் விருந்தாளிகள். அலையில் ஏற்கெனவே ஒருவர் ஏறிவிட்டால், உடைகிற முனைக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அது சொந்தம், குறுக்கே ஏறக் கூடாது.

கண்ணாடி. எனக்கு மைனஸ் நாலு. கான்டாக்ட் லென்ஸோடு கடலில் இறங்க வேண்டாம் என்று என் கண் மருத்துவர் சொல்லிவிட்டார், நானும் அதை மீறவில்லை. கண்ணாடியை டிபன் பாக்ஸில் போட்டு மணலில் வைத்துவிட்டு இறங்குகிறேன். முதலில் பயமாகத்தான் இருந்தது. பக்கத்தில் வருகிற அலைக்குக் கண்ணாடி தேவையில்லை, அது தானே தெரியும். தூரத்தில் வருவதற்குத்தான் சிரமம். "அலையோட முகத்தத் தேடாதீங்கக்கா, நெறத்தப் பாருங்க" என்றான் தம்பி. தொடுவானத்தில் ஒரு கறுத்த கோடு, அதற்குப் பின்னால் இன்னொன்று. அந்தக் கோடு தடிக்க ஆரம்பித்தால் அலைக்கூட்டம் வருகிறது என்று அர்த்தம், வெளியே நகர வேண்டும். இப்போதெல்லாம் கண்ணாடி போட்டிருக்கிற பையன்களுக்கு முன்னாலேயே நான் திரும்பிவிடுகிறேன்.