மைன்கிராஃப்டின் இசை – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

‘மைன்கிராஃப்ட்’ என்ற கணினி விளையாட்டின் இசை எனக்கு உயிர். படிக்கும்போது பின்னணியில் அதைத்தான் ஓட விடுவேன். கம்பஸ் நண்பர்களுக்கு அனுப்பினால், இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு நித்திரை வருகிறது என்கிறார்கள். எப்படி அறிமுகப்படுத்துவது? இதுபோல இன்னும் பத்துத் தொகுப்புகளும் நல்ல ஹெட்போன் ஒன்றும் சொல்வீர்களா? இதெல்லாம் ஓர் இசையா என்று அப்பாவும் கேட்கிறார்.

– வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

சில நாட்களாக நானும் இதே இசையோடுதான் இருக்கிறேன். அதனால் உடனே எழுதுகிறேன். ஹெட்போன் கையில் இருப்பதே போதும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணிக் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளுக்கான தனது தேசியப் பட்டியலில் 2023இல் கோஜி கொண்டோ அமைத்த ‘சூப்பர் மாரியோ’ விளையாட்டின் இசையையும், 2025இல் நீங்கள் கேட்கும் மைன்கிராஃப்டின் முதல் இசைத் தொகுப்பையும் சேர்த்திருப்பதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

‘பின்னணியில் ஓட விடுவேன்’ என்ற வரிதான் என்னைச் சுட்டது. உயிர் என்கிறீர்கள், பிறகு அதையே பாடப்புத்தகத்துக்கு ஊறுகாயாகத் தொட்டுக்கொள்கிறீர்கள். சி418 என்ற பெயரில் இயங்கும் ஜெர்மானியர் டேனியல் ரோசன்ஃபெல்ட் 2011இல் வெளியிட்ட அந்த முதல் தொகுப்பில் 24 துண்டுகள் உண்டு; விளையாட்டுக்குள் அவை வழக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. ஒன்று முடிந்தால் பல நிமிடங்களுக்குக் காலடி ஓசையும் மழையும் கல் உடைபடுவதும் மட்டும்தான் கேட்கும்; நாம் இசையை முற்றாக மறந்துவிட்ட வேளையில், எந்த முன்னறிவிப்பும் இன்றிப் பியானோ தொடங்கும். அந்த நீண்ட மௌனத்தை வெட்டி எறிந்துவிட்டு 24ஐயும் வரிசையாகக் கொட்டினால், உங்கள் நண்பர்களுக்கு நித்திரை வராமல் வேறென்ன வரும்?

பம்பலப்பிட்டியில் என் மருமகன் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நிலத்துக்கடியில் இருட்டுக்குள் கல்லை இடித்துக்கொண்டே போனான். எனக்கு அலுத்தே விட்டது. திடீரென்று இரண்டு மூன்று சுரங்கள் மெல்ல விழுந்தன. மௌஸில் இருந்த விரல் அப்படியே நின்றது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “மாமா, இப்பக் கேளுங்கோ” என்றான். அவ்வளவு நேரம் வெறும் கல்லோசையைக் கேட்டிருந்த காதுக்குத்தான் அந்தச் சுரங்களின் அருமை தெரியும்; அதைத் தனியே பிய்த்து எவருக்கும் அனுப்ப முடியாது, தம்பி.

பத்துத் தொகுப்புகள் தரமாட்டேன். இந்த ஒன்றையே ஒழுங்காகக் கொடுங்கள். நண்பர் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டு விளையாட விடுங்கள். விளையாட்டில் இசையின் ஒலியளவு பூச்சியத்தில் இல்லையே என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பலர் அதை அணைத்துவிட்டே விளையாடுகிறார்கள். பிறகு பேசாமல் இருங்கள். ‘இந்தா வருகுது, கேள்’ என்று நீங்கள் முந்திக்கொண்டால் எல்லாம் கெட்டுவிடும்.